வாசலில் சொன்ன விளக்கம்

1
இந்தக் கதை விளக்கும் ஆசையில் பிறந்தது. நன்னடத்தைப் பிணை எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். முதலில் கூவாகம் திருவிழாவில் தொடங்கினேன். திருநங்கை என்றாலே எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள் என்று அடித்துவிட்டேன். அடுத்து, ‘திருநங்கை தமிழ்ப்ரியா அன்று கையில் எடுத்தது…’ அதையும் பாதியில் விட்டேன்.*

நன்னடத்தை அலுவலர் செந்தமிழ்ச்செல்வியிடமிருந்து தொடங்குகிறேன்.

2
முறை அழகானது. குற்றம் நிரூபணமான பிறகும் நீதிமன்றம் சிலரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடும். அலுவலர் அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தமிழ்ப்ரியாவுக்கு ஒரு நிபந்தனை, நிலையான முகவரி. அறை போனால் பிணை ஆட்டம் காணும். பிணை போனால் சிறை.

கரியாலூரில் பிறந்த அவளுக்கு நைனார்பாளையத்தில், கொளஞ்சியம்மாள் வீட்டுப் பின்கட்டில் அறை கிடைத்திருந்தது. ஓட்டலில் மாவாட்டும் வேலை.

3
செல்வி ஜீப்பில் போய் இறங்கினார். தமிழ்ப்ரியா வேலைக்குப் போயிருந்தாள்.

“இன்னா மேடம், எதுனா கேஸா?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

(‘சும்மா பார்க்க வந்தேன்’ என்று செல்வி சொல்லியிருக்கலாம். ஒரு வரைவில் அப்படித்தான் சொல்கிறார். அதில் கதையே இல்லை. தமிழ்ப்ரியா நிம்மதியாக இருக்கிறாள்.)

செல்விக்கும் விளக்குவது பிடிக்கும். “பயப்படாதீங்கம்மா. தண்டனைன்னா ஜெயிலுதான்னு இல்ல. கோர்ட்டே நம்பி வெளிய வுட்டிருக்கு, நீங்களும் நம்பலாம்.” பொறுமையாக, ஒன்று விடாமல் சொன்னார். கொளஞ்சியம்மாள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். மோர்கூடக் கொடுத்தாள்.

மறுநாள் தமிழ்ப்ரியாவின் பாயும் குக்கரும் தெருவில் கிடந்தன.

4
“உனக்கு நல்லதுதானே சொன்னேன்” என்றார் செல்வி.

பேருந்து நிறுத்தத்தில் பாய்மேல் உட்கார்ந்திருந்த தமிழ்ப்ரியா சிரித்தாள். “நீங்க என்னைத் திட்டிட்டுப் போயிருந்தாக்கூட அந்தம்மா இருக்க வுட்டிருக்கும். புகழ்ந்துக்கினே இருந்தீங்களாமே! அதுலதான் மேடம் வூடு போச்சு.”

செல்வி தலை நிமிரவில்லை. இந்த இடத்தில் அவரை அழவைத்திருந்தேன். அழுகை அவருக்குச் சலுகையாகிவிட்டது, எடுத்துவிட்டேன். வெட்கம் அப்படியே இருக்கட்டும். அதில் எனக்கும் பங்கு உண்டு. கொளஞ்சியம்மாளிடம் அவர் சொன்னதைத்தான் உங்களிடம் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

5
எலவனாசூர்கோட்டையில் பொன்னுரங்கம் ஓர் அறை கொடுத்திருக்கிறார். புது முகவரியையும் செல்வி நேரில் பார்த்தாக வேண்டும், விதி மாறாது. இந்த முறை ஜீப் இல்லை, பஸ்ஸில் வந்து நடந்தே வருகிறார். உள்ளே அரிசி களையும் தமிழ்ப்ரியாவின் கை நின்றுவிட்டது.

“வாங்க. அந்தப் பொண்ணுக்கு நீங்க இன்னா ஆவணும்?” என்கிறார் பொன்னுரங்கம்.

செல்வி பொய் சொல்லமாட்டார், அவரை அப்படிப் படைத்துவிட்டேன். விளக்கவும் கூடாது. மூன்று பதில்கள் எழுதி அடித்தேன். நான்காவதை நீங்கள் எழுதுங்கள். சுருக்கமாக எழுதுங்கள், இன்று இரவு அவள் அந்த அறையில் தூங்க வேண்டும்.

* அவள் செய்த குற்றம் என்னவென்று இங்கே விளக்கியிருந்தேன். எடுத்துவிட்டேன். நீங்களும் வீடு வாடகைக்கு விடுபவராக இருக்கலாம்.