பழைய காற்று

“யாரைக் கேட்டு எடுத்தீங்க? பத்திரமா வெச்சுட்டுத்தானே போனேன்!”

“நீ பத்திரமா வெச்சது அந்த ஐஸை மட்டும்தான்!”

பக்கத்து வீட்டுச் சண்டை. ஒரே சுவர் என்பதால் கேட்கவேண்டிய கட்டாயம் எனக்கு.

எங்கள் குடியிருப்பில் அவளுக்குப் பனிக்காரி என்று பெயர். வருடத்தில் பாதி நாள் துருவத்தில் பனியைத் துளைத்து, அதற்குள் அடைபட்ட பழங்காலத்துக் காற்றை அளந்து, பூமி எவ்வளவு சூடாகிறது என்று கணக்குப் போடுகிறவள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வை சோதித்துவிட்டு, அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆய்வுக்குப் போக மிஞ்சிய பனித்துண்டு ஒன்றைப் போன முறை கொண்டுவந்து ஃப்ரீசரில் வைத்திருந்தாள். தண்ணீரில் போட்டால் குமிழிகள் வெடித்து அந்தக் காற்று சத்தம் போடுமாம். அவள் இல்லாதபோது மனிதர் அதைப் போட்டுவிட்டார். டம்ளரும் காதுமாக அவர் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியே பார்த்த நான், காதுவலி என்று நினைத்துச் சொட்டு மருந்து கொடுத்தனுப்பினேன்.

“எதுக்குங்க போட்டீங்க?”

“ஃபோன்ல உன் குரல் எங்க கேக்குது, காத்துதான் கேக்குது. சரி, நீ இருக்கற இடத்துக் காத்தையாவது நல்லாக் கேப்போம்னு...”

பிறகு குரல்கள் தாழ்ந்துவிட்டன. நல்ல கட்டம் வரும்போது மெதுவாகப் பேசுவார்கள். அக்கம்பக்கத்தார்மேல் இரக்கமே கிடையாது. சுவரில் காதை வைத்தேன்.

“கல்யாண நாளுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கலாம்னுதாங்க வெச்சிருந்தேன். அதுக்குத்தான் இந்த வருஷம் முன்னாடியே வந்தேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“வந்து சொல்லலாம்னு இருந்தேன்.”

மறு காதை மாற்றி வைத்தேன்.

“அடுத்த தடவை போகாம இருந்துடேன்.”

“அங்க பனி எனக்காகக் காத்திருக்காதுங்க. உருகிட்டே இருக்கு.”

“நான் மட்டும்?”

அவள் போனாள். அவர் கடையை விற்றுவிட்டு, அவள் கப்பல் வந்து சேரும் துறைமுக ஊருக்கே குடிபோனார். அங்கேயும் பாதி வருடம் தனியாகத்தானே இருக்கவேண்டும் என்று, சாமான் ஏற்றும்போது கேட்டேவிட்டேன்.

“கப்பல் வர்றது இங்கேருந்து தெரியாதுங்களே” என்றார்.

இப்போது அந்த வீட்டில் புதிதாகக் கல்யாணமானவர்கள். எந்நேரமும் சிரிப்பு, ஒரு உருப்படியான சண்டை கிடையாது. நேற்று நானும் எங்கள் ஃப்ரீசரிலிருந்து ஒரு கட்டியை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் காதருகே பிடித்தேன். ஒரே ஒரு விரிசல் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. ஆனாலும் காதிலிருந்து டம்ளரை எடுக்கவில்லை.

“காதுவலியா?” என்றார் என் வீட்டுக்காரர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

டம்ளரில் கட்டி சிறுத்துக்கொண்டே மெல்லச் சுற்றியது.