பகா எண் அடித்த பம்புகள்

மூக்கண்டப்பள்ளி பம்புத் தொழிற்சாலையில் ஜமீர் அகமதுவுக்கு வேலை, ஒவ்வொரு பம்பின் நெற்றியிலும் எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் வரிசை எண் அடிப்பது. தற்காலிக வேலை, மார்ச்சோடு முடிகிறது. வருடா வருடம் எண் ஒன்றிலிருந்தே தொடங்குவதால் ‘ஒன்று’ அச்சு மட்டும் சீக்கிரம் மழுங்கும். ஒற்றை அச்சு கேட்டால் ஸ்டோர் கீப்பர் நாராயணப்பன், “செட்டாத்தான் வரும் பாய். ஒரு பல்லு போனா தாடையையே மாத்துவோம்” என்பார்.

தர அதிகாரி ராமப்பன் கணிதத்தில் தங்கப்பதக்கம் வாங்கியவர். யாரையும் அதை மறக்கவிட மாட்டார். ஜனவரியில் மேனேஜரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அறிவித்தார்: “இனி பகா எண் மட்டும்தான் அடிக்கணும். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று. இதுங்களை ஒட்டி எழுதிக்கிட்டே போனா, முடிவுல எல்லா இலக்கமும் சரிசமமா வரும். நிரூபிச்சிருக்காங்க. அச்சும் சமமாத் தேயும்.” ஜமீரிடம், “ஒழுங்கா அடி. பர்மனென்ட் பண்றதை மார்ச்சுல பார்க்கலாம்” என்றார்.

அடிக்க அடிக்க ஜமீருக்குக் கண் சொக்கியது. எண்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, ஷெட்டைத் தாண்டி, தைல மரங்களைத் தாண்டி, கர்நாடக எல்லையையும் கடந்து போய்க்கொண்டிருந்தன. செக்போஸ்டில் நிறுத்த ஆளில்லை. எந்த எண்ணை நினைத்தாலும் அந்த வரிசையில் எங்கோ இருக்குமாம்; அதுவும் ராமப்பன் சொன்னதுதான்.

“நம்ம கல்யாணத் தேதி?” என்றாள் மனைவி வஜிஹா, சோறு போட்டபடி.

“இருக்கும்.”

“நீங்க பர்மனென்ட் ஆகற தேதி?”

“அதுவும்.”

“எந்தப் பம்புலங்க?”

ஜமீர் தண்ணீர் குடித்தான்.

மார்ச் கடைசியில், 27449 அடித்த அன்று, ராமப்பன் மேனேஜரோடு வந்து அச்சுப் பெட்டியைத் திறந்தார். ஒன்று, மூன்று, ஏழு அச்சுகள் மொட்டை. ஆறைத் தலைகீழாக்கித்தான் ஒன்பது அடிப்பது. இரட்டை உழைப்பில் அந்த அச்சு கொட்டைப்பாக்காக உருண்டிருந்தது. பூஜ்யமும் எட்டும் புதுமாப்பிள்ளைபோல மின்னின.

“பெரிய நம்பரெல்லாம் ஒண்ணு, மூணு, ஏழு, ஒம்போதுலதாங்க முடியுது” என்று எடுத்துக்கொடுத்தார் நாராயணப்பன், பரம திருப்தியோடு.

மேனேஜர் ராமப்பனைப் பார்த்தார். ராமப்பன், பழிபோட ஆள் தேடி, ஜமீரைப் பார்த்தார்.

“சமமாயிடும் சார்” என்றான் ஜமீர் மேனேஜரிடம். “ராமப்பன் சார் முடிவுலன்னுதான் சொன்னாரு. நாம மூவாயிரம்தானே அடிச்சிருக்கோம்.”

“முடிவு எப்போய்யா?” என்றார் மேனேஜர்.

“அது வரவே வராது” என்றார் ராமப்பன். தங்கப்பதக்கம் வாயை மூடவிடவில்லை.

“அப்ப தற்காலிக ஆளை வெச்சு எப்படிங்க சார் அடிக்கறது?” என்றான் ஜமீர்.

பழியும் போகும், கணக்கும் நிற்கும் என்று ராமப்பனுக்குப் பட்டது. மிக வேகமாகத் தலையாட்டினார். சாயங்காலமே நிரந்தர ஆர்டர் டைப் ஆனது.

“இந்தா பாய்” என்று புது செட்டை நீட்டினார் நாராயணப்பன். “கியாமத்து நாள் வரைக்கும், உலகம் முடியற வரைக்கும் அடி.”

ஜமீர் அடுத்த பம்பைத் திருப்பி வைத்து, 27457 அடித்தான்.