மூன்றாம் லைனில் ஓர் இடம்

விடியற்காலை சுபுஹ் பாங்கு ஓய்ந்தபோது கையுறை பேக்டரியில் மூன்றாம் லைன் ஓடத் தொடங்கியது.

சங்கிலியில் தொங்கியபடி பீங்கான் கைகள் அடுப்பிலிருந்து வெளியே வந்தன. ஒவ்வொரு கையின் மேலும் வெந்த ரப்பர் தோல்போல ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் விரலை மாட்டி ஒரே இழுப்பில் உருவ வேண்டும். தயங்கினால் கையுறை கிழியும். மேலும் தயங்கினால் விரல் வேகும். முனியாயியின் விரல் நுனிகளில் ரேகை அழிந்துபோய் வெகுகாலமாகிறது. ரேகை பார்த்துத் திறக்கும் ஆபீஸ் கதவு அவளுக்குத் திறப்பதில்லை. இத்தனை வருஷம் உழைத்தும் கம்பெனிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு இடப்பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கும் அப்பால் மைமூன் நின்றாள். காலி இடத்தின் பங்குக்கு வந்த கைகளில் பாதியை முனியாயி உருவினாள், பாதியை மைமூன் உருவினாள்.

அது அந்த லைனின் வழக்கம். ஒருத்தி கக்கூஸுக்குப் போனால் இரு பக்கத்தாரும் அவள் பங்கையும் உருவுவார்கள். இடம் பிடிப்பது என்று அதற்குப் பெயர். யாரும் அனுமதி கேட்டதில்லை.

ஆனால் பவானேஸ்வரி கக்கூஸுக்குப் போகவில்லை. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். விடிந்ததும் அவள் பிள்ளையை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போவார்கள்.

அந்தப் பிள்ளை பிறந்ததும் நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைத்தவள் முனியாயி. சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. எதற்கும் பணியாத குணம் வேண்டும், அக்காதான் வைக்க வேண்டும் என்று பவானேஸ்வரி பிடிவாதம் பிடித்தாள். பிரசவ வார்டில் நர்ஸ் மிஸ்ஸி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, முனியாயி சர்க்கரைத் தண்ணீரைப் பிள்ளையின் நாக்கில் தொட்டு வைத்தாள்.

பிள்ளைக்குப் புரையேறியது. வாயில் நுரை தள்ளியது. உடம்பு நீலம் பாரித்தது.

மூக்கு வழியே விட்ட குழாய் வயிற்றுக்குப் போகவில்லை. பாதியில் சுருண்டு நின்றது. மலாய்க்கார டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். தொண்டையிலிருந்து இறங்கும் உணவுக்குழாய் நெஞ்சில் முட்டுச் சந்துபோல முடிந்திருந்தது. வயிற்றிலிருந்து ஏறும் துண்டு கட்டையாக இருந்தது. இரண்டும் எட்டவில்லை. இது கருவிலேயே வந்த குறை என்றார். குறைக்குச் சர்க்கரைத் தண்ணீர் காரணமில்லை, ஆனால் பிறந்த பிள்ளையின் வாயில் இனி எதையும் வைக்காதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும் என்றார். முனியாயி அதை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் யாருக்கும் சேனை வைக்கவில்லை.

இரண்டு முனையையும் இணைக்க முடியாத அளவுக்கு இடைவெளி இருந்தது. முதல் ஆபரேஷனில் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மேல் குழாயின் முனையைக் கழுத்தோரம் வெளியே திறந்துவிட்டார்கள். பிள்ளை வளரட்டும், பிறகு வயிற்றை மேலே இழுத்துத் தொண்டையோடு சேர்க்கலாம் என்றார்கள். அதுவரை பால் குழாய் வழிதான். ஆனால் வாய்க்கும் பால் கொடுத்தாக வேண்டும். உறிஞ்ச மறந்துபோன வாயை எந்தத் தையலும் பழக்க முடியாது.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தி புட்டியைப் பிடிப்பாள், ஒருத்தி வயிற்றுக் குழாயில் பால் ஊற்றுவாள். வாயில் குடித்த பால் கழுத்துத் துளை வழியே துணியில் வழியும். குடித்தால் பசி தீரும் என்று பிள்ளை நம்ப வேண்டும். பவானேஸ்வரியின் கணவன் காளிதாஸ் ஈப்போவுக்கு லோரி ஓட்டுகிறவன், வீடு தங்குவது அபூர்வம். அவள் பகல் வேலைக்கு வந்தபோது இரவு ஷிப்ட் பெண்கள் கம்பெனி குவாட்டர்ஸில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் அந்த வேலையைக் கற்றிருந்தார்கள்.

ஒரு சொட்டும் உள்ளே போகாத பாலைப் பிள்ளை விடாமல் உறிஞ்சினான்.

"சேனை வச்ச கை பேசுது லா," என்பாள் மைமூன்.

இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி வந்தது. தாய் கூடவே இருக்க வேண்டும், விழுங்கப் பழக எவ்வளவு காலம் ஆகுமென்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. லீவு தீர்ந்துவிட்டது, வேலையை விட்டுவிட்டுப் போகலாம் என்றார் மேனேஜர் புவனேந்திரன். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். வயிற்றில் குழாயோடு இருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் நிற்பது? பவானேஸ்வரி விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடாமலேயே கோலாலம்பூர் பஸ் ஏறினாள்.

நேற்று மாலை குவாட்டர்ஸ் குழாயடியில் பெண்கள் கூடிப் பேசினார்கள். பவானேஸ்வரியின் வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை. லைனில் அவள் இடத்தில் வேறு ஆளை நிற்க விடுவதில்லை. ஒருத்தியை வெளியே அனுப்பினால் எல்லாரும் வெளியே. எனக்குப் பயமாயிருக்கிறது என்றாள் ஷாந்தினி. எல்லாருக்கும்தான், பயந்துகொண்டே நில் என்றாள் மைமூன்.

விடிந்து வெளிச்சம் வந்ததும் புவனேந்திரன் வந்தார். அவர் தாயும் ஒரு காலத்தில் இதே லைனில் விரல் வெந்தவள். ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் அனுப்பிய ஒரு பெண் புது பூட்ஸோடு அவர் பின்னால் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளுங்கக்கா. இந்தப் பொண்ணு நிக்கட்டும்."

"இங்க இடமில்ல சார்," என்றாள் முனியாயி. கை நிற்கவில்லை.

"நடுவுல காலியாத்தானே இருக்கு?"

"ஆள் இருக்கு. ஆபரேஷன் ரூம் வாசல்ல உக்காந்திருக்கு."

"பாவம்தான், நான் இல்லைங்கல. ஆனா இது பேக்டரி லா, ஆஸ்பத்திரி இல்ல. இவ்ளோ உருவணும்ங்கற கோத்தா விழுந்தா மேலிடத்துக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"விழுந்துச்சா சார்?"

அவர் கூடைகளைப் பார்த்தார். எல்லாம் நிறைந்திருந்தன.

"அது வேற. ரூல் ரூல்தான். இன்னியோட அவ வேலை முடிஞ்சது. சாயங்காலம் வீட்டுச் சாவி என் மேசைக்கு வரணும்."

முனியாயி இடப்பக்கம் அரையடி நகர்ந்தாள். மைமூன் வலப்பக்கம் அரையடி நகர்ந்தாள். இருவர் தோளும் உரசின. அவர்களைத் தொடர்ந்து வரிசை முழுவதும் நெருங்கி நின்றது. புதுப் பெண் விழித்தாள். உன் மேல் கோபமில்லை, உட்கார் என்று மைமூன் மலாயில் சொல்லி, காலால் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள்.

புவனேந்திரனின் முகம் இறுகியது. லைன் வேகத்தைக் கூட்டச் சொல்லி சூப்பர்வைசருக்குக் கை காட்டினார்.

சங்கிலி கிறீச்சிட்டது. பீங்கான் கைகள் முட்டிக்கொண்டு வந்தன. முனியாயி ஒன்றை உருவினாள், அடுத்ததை உருவினாள். பிறகு தன் இரு கைகளையும் கீழே போட்டாள். மைமூன் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஷாந்தினியும் போட்டாள். உருவாத கையுறைகள் அப்படியே கடந்து திரும்பவும் ரப்பர் பால்தொட்டியை நோக்கிப் போயின. உள்ளே முங்கினால் தொட்டிப் பால் முழுவதும் பாழ். சூப்பர்வைசர் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தான்.

லைன் நின்றது. பீங்கான் கைகள் நின்ற இடத்தில் ஆடின. வெளியே புக்கிட் ரம்பாய் சாலையில் லோரி போகும் சத்தம் முதல்முறையாக உள்ளே கேட்டது.

"ஒரே ஒரு ஆளுக்காகவா? எத்தனை நாளைக்கு இப்படி நிப்பீங்க?" என்றார் புவனேந்திரன்.

முனியாயி விரல்களை மடித்து நீட்டினாள். வெந்த இடம் எரிந்தது.

"பிள்ளை வாயில குடிச்ச பால் வயித்துக்குப் போற வரைக்கும். உங்கம்மா நின்ன லைன்லதான் நாங்க நிக்கிறோம். நீங்க எங்க நிக்கிறீங்க தம்பி?"