முழங்கால் ஆழம்

பிரான்ஸை ஜெர்மன்காரனிடமிருந்து மீட்க எங்கள் படை கடல்வழியே இறங்கவேண்டும். எந்தக் கரையில் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் போருக்கு முன் அங்கே விடுமுறைக்குப் போனவர்கள் குடும்பப் படங்களை அனுப்பவேண்டும் என்று ரேடியோவில் கேட்டார்கள். மூட்டை மூட்டையாக வந்தன. லண்டனில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, கால்சட்டையை மடித்துக்கொண்டு கடலில் நிற்கிற தொந்திக்கார அப்பாக்களின் காலை அளந்து ஆழம் குறிப்பது என் வேலை. என் தம்பி கிளெம் படகிலிருந்து குதிக்கப் பழகிக்கொண்டிருந்தான். நான் எழுதும் எண்ணை நம்பித்தான் குதிப்பான்.

ஒரு படத்தில் ஒருவர் தொப்பியைத் தூக்கிச் சிரித்தார். தண்ணீர் முழங்கால்வரை. குறித்தேன். மறுநாள் சரிபார்த்தபோது தண்ணீர் இடுப்பில் இருந்தது. கூட வந்த கடிதத்தை அப்போதுதான் பிரித்தேன். அவர் மனைவி எழுதியிருந்தார்: “இதுதான் கடைசிப் படம். இன்னும் நாலு அடி வைத்தார், பள்ளம். கத்தவில்லை, தொப்பியை உயர்த்தினார். நானும் கையசைத்தேன். படத்தைத் திருப்பி அனுப்பவும்.”

எங்கள் அதிகாரி கேப்டன் ப்ரௌஸிடம் ஓடினேன்.

“சார், இங்க பள்ளம் இருக்கு.”

“அதே இடத்துல எடுத்த மத்த படங்கள்ல?”

“முழங்கால்தான். ஆனா இதுல தண்ணி ஏறுது சார்.”

அறையே சிரித்தது.

“படத்துலயா? மிஸ் ஹாடோ, போய் ஒரு டீ குடிங்க. விட்டா நாளைக்குப் படத்துல மழை பெய்யுதும்பீங்க!”

“மன்னிச்சுக்குங்க சார்” என்று நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். இங்கிலீஷ்காரர்கள் நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். உயிரே போனாலும் ஊரைக் கூட்டமாட்டோம். கையிலிருந்த கடிதத்தைக்கூட நீட்டவில்லை, பாவி. வரைபடம் முழங்கால் ஆழத்தோடு அச்சுக்குப் போயிற்று.

ஜூன் ஆறாம் தேதி படை இறங்கியது. அறையில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பத்தாம் நாள் தந்தி வந்தது. பிறகு கிளெமின் கூட்டாளி எழுதினான்: “குண்டு ஒண்ணும் படலைக்கா. குதிச்சான், நாலு அடி நடந்தான், கையைத் தூக்கினான். வாங்கடான்னு கூப்பிடறான்னு நெனச்சோம். பின்னாலேயே மூணு பேர் போனாங்க.”

அந்த அம்மாளின் படத்தைத் திருப்பி அனுப்ப உறை எடுத்தேன். தண்ணீர் பழையபடி முழங்காலுக்கு இறங்கியிருந்தது. தொப்பிக்காரருக்குப் பின்னால், நாலடி தள்ளி, இரும்புத் தொப்பி போட்ட ஒருவன் கையை உயர்த்தியிருந்தான்.

நான் கையசைக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அறையே திரும்பிப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் முன்பே கத்தியிருக்கவேண்டும்.