தலை ஓரிடம், வால் ஓரிடம்

அவளை ஆய்வகத்தில் ‘ஒட்டுவேலை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் செய்ததும் அதுதான். செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பிகளுக்கு, வெளியே சேதியைப் பிடிக்க ஒரு தலை, உள்ளே அதைச் சொல்ல ஒரு வால். அவள் எடுத்துக்கொண்ட ஏற்பிக்கு என்ன சேதி வரும் என்றே யாருக்கும் தெரியாது. அதனால் அதன் தலையை நீக்கிவிட்டு, ரத்தம் ஊற வைக்கும் ஹார்மோனைப் பிடிக்கும் வேறொரு ஏற்பியின் தலையை மரபணுவில் ஒட்டினாள். ஹார்மோன் பட்டு வால் பேசினால், செல் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தாள்.

வால் வாயே திறக்கவில்லை.

பக்கத்து மேசைக்காரனுக்குச் ‘சந்தேகம்’ என்று பட்டப்பெயர். “ரெண்டு ஏற்பி ஜோடி சேர்ந்தாதானே பேசும்? உன் ஜோடி முதுகைக் காட்டிட்டு நிக்குதோ என்னவோ” என்றான் ஒருநாள்.

அவளுக்குப் பொறி தட்டியது. தலையையும் வாலையும் இணைக்கும் கழுத்துப் பகுதியில் ஒரு அமினோ அமிலம் சேர்த்தால் வால் கொஞ்சம் திரும்பும். இன்னொன்று சேர்த்தால் இன்னும் திரும்பும். ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்த்த புதிய செல்களைத் தட்டின் சிறு குழிகளில் தனித்தனியே வளர்த்து, ஹார்மோன் ஊற்றினாள்.

இன்று காலை நுண்ணோக்கியில் குனிந்தாள். முதல் குழி இருட்டு. இரண்டாவதில் பச்சை கொட்டிக் கிடந்தது!

“டேய், ஓடி வா! பேசிடுச்சு!”

அவன் வந்து பார்த்தான். “தானாவே எரியுதோ? ஹார்மோன் ஊத்தாத குழியைக் காட்டு.”

அவள் தட்டை நகர்த்தினாள். கும்மிருட்டு.

“போச்சு, இனி என்னால குறை சொல்ல முடியாது” என்று அவன் மேசையில் தட்டிச் சிரித்தான்.

அப்போதுதான் கைபேசி அலறியது. அம்மா! ஊரிலிருந்து வரும் அம்மாவை அழைத்துவர அவள் பேருந்து நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அம்மா ஆட்டோ பிடித்து வாசலுக்கே வந்துவிட்டிருந்தாள்.

“பெத்தவளை நடுரோட்டுல நிக்க வச்சுட்டு அப்படி என்னடி வேலை?”

“திட்டாதம்மா, முதல்ல வந்து பாரு.” மேலங்கி மாட்டி உள்ளே இழுத்துப் போனாள்.

அம்மா ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தாள். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

“எல்லாம் உயிரோட இருக்கா?”

“உயிரோடதான். நான் ஒட்டின ஏற்பி பேசுதும்மா.”

அம்மா நிமிர்ந்து, தன் கைபேசியை எடுத்தாள்.

“ஏங்க, நம்ம பொண்ணு எதையோ பேச வச்சிருக்காங்க. என்னன்னு கேக்காதீங்க, எனக்குச் சொல்லத் தெரியாது. பச்சைப்பசேல்னு இருக்கு!”