மேளத்துக்கு அசையாத கால்

...வாருங்கள், தமிழ்ப் பெருமக்களே, வந்து இந்தக் கால்களைப் பாருங்கள், முழங்காலுக்குக் கீழே மயிர் முளைக்க மறுத்துவிட்ட இந்த வளையங்களைப் பாருங்கள், சலங்கை கட்டிய தடம் என்று எண்ணி ஏமாறாதீர்கள், கயிறு அறுத்த தழும்பு இது, நீங்கள் கைதட்டி ரசித்த ஆட்டத்தின் கையொப்பம் இது... இப்படித்தான் தொடங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் கூட்டத்தில், வேறெப்படித் தொடங்கினாலும் சப்பென்றிருக்கும். ஆனால் இப்போது அதுவா முக்கியம் மங்கலம், கயிற்றைத் தளர்த்திப் பிடி, குதிரையின் தோளோடு நட, தெருமுனை வந்துவிட்டது. செம்மண்டலத்துக் காலை வெயிலில் ஒரு வெள்ளைப் பெண்குதிரையோடு நடந்து போகும் நரைத்த தலைக்காரியைப் பார்த்துப் பால்காரர் வண்டியை நிறுத்திச் சிரிக்கிறார், சிரிக்கட்டும், ஐயரும் தாலியும் இல்லாமல் முதல் திருமணத்தை நடத்திவைத்த நாளிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்காத ஊர் எது? பின்னால் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு ஷாசியா வருகிறாள், அண்ணாமலை நகரைத் தாண்டி விலங்குக் காப்பகம் நடத்துகிறவள், இந்தக் குதிரையை வளர்க்க எனக்குக் கொடுத்தவள் அவள்தான், இன்று திருப்பி அழைத்துப் போகப் போகிறவளும் அவளாக இருக்கலாம்... இல்லை, இருக்காது, நான் விடமாட்டேன். விடுதலை என்று பெயர் வைத்தபோதே கேட்டாளே, "பேரு விடுதலை, கழுத்துல கயிறு, நல்லா இருக்குக்கா ஒங்க புரட்சி" என்று, அந்த நக்கலுக்கும் சேர்த்து இன்று பதில் சொல்லிவிடுகிறேன். "கல்யாண மண்டபத்தைத் தாண்டட்டும்க்கா," என்றாள் கிளம்பும்போது, "மேளம் அடிக்கிற எடத்துல சும்மா நின்னுச்சுன்னா ஒங்ககிட்டயே இருக்கட்டும், காலைத் தூக்கி ஆடுச்சுன்னா நான் இட்டுனு போயிடுவேன், புள்ளைங்க நடமாடுற தெரு, யாரு மேலயாவது கால வெச்சிடுச்சுன்னா?" நியாயம்தான். ஆனால் இன்னொரு கை மாறினால் விடுதலை மறுபடியும் தீனியைத் தொடாமல் சுவரைப் பார்த்து நிற்குமே, என் கொல்லைக்கு வந்த புதிதில் நின்றதைப் போல, அதை யார் தாங்குவது... அதுவா, நானா?

பெண்ணாடத்தில்தான் முதலில் பார்த்தேன். சர்க்கரை ஆலைத் தொழிலாளி வீட்டுத் திருமணம், நான் தலைமை, மந்திரம் இல்லை, ஓமப்புகை இல்லை, ஆணும் பெண்ணும் சமம் என்று முழங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கினால் பந்தலுக்கு வெளியே தவிலும் பேண்டும் சேர்ந்து இடிக்க, மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு இது ஆடிக்கொண்டிருந்தது, வாயோரம் வழிந்த நுரை சிவப்பாக இருந்தது, சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். ஆட்டமா அது? குட்டியாக இருந்தபோதே முன்னங்காலில் கயிறு கட்டி, மேளத்தின் ஒவ்வோர் அடிக்கும் சுண்டி இழுத்து, இழுப்போடு ஒரு பிரம்படி, அடியோடு ஓர் அதட்டல், அப்புறம் கயிறு வேண்டாம், பிரம்பு வேண்டாம், காது கேட்டால் போதும், கால் தானாக எழும்... அச்சத்துக்குத் தாளம் கற்பித்துவிட்டு அதற்குக் கலை என்று பெயர் சூட்டிய சமூகம் இது! புரோகிதரை வெளியே நிறுத்திய பந்தலில் இந்தக் கொடுமைக்கு மட்டும் மாலை போட்டு வரவேற்பா? அன்று அது கால் மடங்கி விழுந்த பிறகு போலீசோடு வந்து மீட்டவர்கள் ஷாசியாவின் ஆட்கள். மேளத்தை மறக்கடிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். கைப்பேசியில் தவில் ஒலி, முதலில் கொசுவின் இரைச்சல் அளவுக்கு, கூடவே ஒரு கை ஊறவைத்த கொள்ளு, மெல்லுவதை நிறுத்தினால் ஒலியைக் குறைப்பேன், மெல்லத் தொடங்கினால் கொஞ்சம் கூட்டுவேன், இப்படியே கூட்டிக் கூட்டி இப்போது ஒலிபெருக்கியை வைத்தாலும் வாயை நிறுத்துவதில்லை. மாலை நேரத்தில் மட்டும் ஆடும், ஆனால் அது வேறு, அது மகிழ்ச்சி. நான் மொட்டை மாடியில் நின்று கூட்டத்துக்கான பேச்சை உரக்கச் சொல்லிப் பார்க்கும்போது கீழே கொல்லையில் இடமும் வலமுமாகக் கால் மாற்றிக் கால் தூக்கும், மேளம் இல்லை, கயிறு இல்லை, யாரும் கேட்கவில்லை, தானாகவே... எத்தனை மேடை கண்டவள் நான், இப்படி ஒரு ரசிகை எனக்கு வாய்த்ததில்லை.

மண்டபம் வந்துவிட்டது. வாசலில் வாழைமரம், பேண்டு செட்டு, சட்டையில் சந்தனம் தெறித்த ஆட்கள், தவில்காரர் தோளைக் குலுக்கி வாரை இழுத்துவிட்டு அடிக்கத் தொடங்குகிறார். விடுதலையின் காதுகள் முன்னே போயின, பின்னே போயின, கழுத்துத் தோல் ஒருமுறை சிலிர்த்தது, என் உள்ளங்கையில் இருந்த கொள்ளைத் தேடி மூக்கு வந்தது, உதடு என் விரலை நனைத்தது... கால்? தரையில்! நான்கும் தரையில்! அடி மாறுகிறது, வேகம் ஏறுகிறது, பெரிய மேளம் நெஞ்சுக்குள் விழுகிறது, நிற்கிறது என் விடுதலை, கடற்கரை மணலில் இறக்கி வைத்த தோணி போல் அசையாமல் நிற்கிறது. ஷாசியா ஸ்கூட்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு வாயில் கைவைத்துக்கொண்டாள். பார்த்தாயா, பெண்ணே? பழக்கிய எதையும் மாற்றிப் பழக்கலாம், இதைத்தானே ஆயுள் முழுவதும் மனிதர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய்மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், சபாபதி மாமா சபாபதி மாமா என்று நாலு பேர் அவர் துண்டைப் பிடித்து இழுத்தார்கள். "ஏம்மா, குதிரைய இட்டாந்துட்டு சும்மா நிக்க வெச்சிருக்கிறியே, ஒரு ஆட்டம் வுடச் சொல்லு, மச்சான் மனசு குளிரட்டும்." இது ஆடாது என்றேன். "எங்க மேளத்துக்கே ஆடலியா? அப்ப இது குதிரையே இல்ல, வெள்ளையடிச்ச கழுத!" என்று அவர் சொல்ல, சிரிப்பு வெடித்தது, எனக்குள் மேடை எழுந்தது. கேளுங்கள் என்றேன், இந்த வாயில் வழிந்த இரத்தத்துக்கு யார் பொறுப்பு என்றேன், தாலியை உதறத் துணிந்த நாட்டில் ஒரு சாட்டையை உதற முடியாதா என்றேன், குரல் மண்டபத்துச் சுவரில் மோதித் திரும்பியது, தவில்காரர் குச்சியை இறக்கிவிட்டார், தெரு முழுவதும் என் கையில்... என் மறு கையில் கயிறு அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். மேளம் இல்லாத அந்த அமைதியில் விடுதலை இடது காலைத் தூக்கியது, வைத்தது, வலது காலைத் தூக்கியது, என் ஒவ்வொரு சொல்லின் அழுத்தத்துக்கும் ஒரு கால். "ஆடுதுடா!" என்று சபாபதி கத்தினார், கைதட்டினார்கள். மிரண்டு உருண்ட அதன் கண்ணில் வெள்ளை தெரிந்தது. அதட்டல்... அடியோடு ஓர் அதட்டல் இருந்ததே, மேளத்தை மறக்கடித்தவள் அதை மறந்துபோனேனே, அப்படியென்றால் மாலை நேரங்களில், மாடியில் நான், கீழே அது... மகிழ்ச்சியா அது?

வாயை மூடிக்கொண்டேன். கால் இறங்கியது. "மேளத்துக்கு நின்னுச்சு, அப்புறம் எதுக்குக்கா ஆடுச்சு?" என்று ஷாசியா கேட்டாள், புரியாமல்தான் கேட்டாள், கைதட்டலில் மிரண்டுவிட்டது என்று சொன்னால் நம்பிவிடுவாள், விடுதலை என்னோடே இருந்துவிடும்... "என் சத்தத்துக்கு," என்றேன், கொள்ளு நனைந்த கையை அதன் நெற்றியில் வைத்தபடி. அவள் என்னைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். "அல்லா! மேளத்துக்குத்தான் நின்னுடுச்சே, அப்ப இன்னும் கொஞ்ச நாள் ஒங்ககிட்டயே பழகட்டும்க்கா. குதிர பழகணுமா, நீங்க பழகணுமான்னுதான் தெரியல." வீட்டுப் பக்கம் திரும்புகிறோம், தோளோடு தோள், அதன் மூச்சு என் கழுத்தில் படுகிறது. பழக்கிவிடுவேன், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேடையில் எந்தக் குரலில் பேசுவது, கூட்டத்தில் எழும் கைகளில் எது உணர்ந்து எழுந்தது, எது அதட்டலுக்கு எழுந்தது என்று எப்படிக் கண்டுகொள்வது? தெரியவில்லை. ஆகவே பெருமக்களே, இதை உரக்கச் சொல்ல மாட்டேன், அது என் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறது, நீங்கள்தான் கிட்டே வந்து கேட்க வேண்டும்: உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு ஆட்டக் குதிரையை அழைக்காதீர்கள். அழைத்த வீட்டில் நின்று கைதட்டாதீர்கள். போய் அந்தக் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்துங்கள்... கத்தாமல்.