இழுக்காத நூல்

எங்கள் வீட்டுப் பூனைக்குக் காரப்பொடி மீனை ஆய்ந்து வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் பெரிய மனுஷன் மாதிரி நகர்ந்துவிடும். அதே பூனைக்கு ஒரு ரப்பர் செருப்பு கிடைத்தால் போதும், கல்யாணச் சாப்பாடுதான். குக்கர் ரப்பரில் பாதி, உள்பாவாடை எலாஸ்டிக், கேஸ் அடுப்பு துடைக்கும் ஸ்பாஞ்சு எல்லாம் உள்ளே போயிருக்கின்றன. பக்கத்து வீட்டு நிஷாத் பேகம் அக்கா காயப்போட்ட துப்பட்டாவின் குஞ்சங்களை ஒன்று விடாமல் தின்று தீர்த்த அன்றுதான் அதற்குக் குஞ்சம் என்று பெயர் வைத்தோம். பேர் வைத்ததும் அதற்கு ரொம்பப் பெருமை. கூப்பிட்டால் வாலைத் தூக்கிக்கொண்டு வரும்.

எல்லாவற்றையும்விட அதற்குப் பிடித்தது நூல். எங்கள் வீடு ஆர்.கே.பேட்டையில், முன்கூடத்தில் இரண்டு விசைத்தறி ஓடுகிற வீடு. நூல் தின்கிற பூனைக்கு இதைவிடப் பெரிய ஓட்டல் அமையுமா? அதிலும் பாலியெஸ்டரைத் திரும்பிப் பார்க்காது. பருத்தி மட்டும்தான். என் வீட்டுக்காரர் கஜபதி இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

"பாத்தியா விஜி, தரம் தெரிஞ்சவன். கடைக்காரன ஏமாத்திடலாம், இவன ஏமாத்த முடியாது."

நானும் உள்ளூர வியந்ததுண்டு. வெளியே சொன்னால் இரண்டு பேரையும் பிடிக்க முடியாது என்று சும்மா இருந்துவிடுவேன்.

அவர் என் அத்தை மகன். பாவா என்றுதான் கூப்பிடுவேன். பாவாவின் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் அவர் பேச்சைக் கேட்காது. எங்காவது ஓர் இழை தொங்கினால், வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போதே கை போய் அதை இழுத்துவிடும். தறியில் அது நல்ல குணம். தொங்கும் இழையை விட்டுவைத்தால் அது பக்கத்து இழைகளையும் அறுத்துக்கொண்டு போகும். சபையில் அதுவே மானக்கேடு. என் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், அண்ணி கவிதாவின் பட்டுப்புடவைத் தோளில் ஓர் இழையைப் பார்த்துவிட்டார். ஐயர் முன்னாலேயே "நில்லும்மா" என்று இழுத்தார். இழை வந்தது, கூடவே ஒரு ஜரிகைப் பூவும் வந்தது. நான் அவர் கையில் ஓங்கிப் போட்ட அடி மணியோசையையும் மீறிக் கேட்டதாம். அண்ணி அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

இந்த ஆடிக்கிருத்திகை அன்று தறி நிறுத்தம். வீடு அமைதியாக இருந்தது. குஞ்சம் அரிசி மூட்டைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. முந்தின நாளே வாந்தி எடுத்திருந்தது. என் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பாவாவைக் கூப்பிட்டேன்.

பாவா அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். வாலுக்குக் கீழே விரல் நீளத்துக்கு அரக்கு நிற நூல் ஒன்று தொங்கியது. எங்கள் தறியில் ஓடிக்கொண்டிருந்த அதே நூல். பார்த்த கணமே அந்த இரண்டு விரலும் போய் அதைப் பிடித்துவிட்டன.

"பாவா, இழுக்காதீங்க!"

நான் கத்திய கத்தலில் அவர் கை நின்றது. முன்பு எலாஸ்டிக் தின்றபோது திருத்தணியில் மாட்டு டாக்டர் பிரியங்காவிடம் காட்டியிருந்தோம். நூல் வெளியே தெரிந்தால் இழுக்கவே கூடாது என்று அவர் அப்போதே சொல்லியிருந்தார். பாவாடைக் கயிற்றை இழுத்தால் துணி சுருங்குகிற மாதிரி குடல் சுருங்குமாம். இன்னும் இழுத்தால் நூலே குடலை அறுத்துவிடுமாம். டாக்டர் இதைச் சொன்னபோது பாவா வெளியே வண்டிக்குக் காவல் இருந்தார்.

நான் விளக்கிச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது. "எனக்கே நூல் எடுக்கக் கத்துத் தரியா? அறுக்காம எடுக்கறதுதான எம் பொயப்பே! பூ மாதிரி எடுத்துடுவேன்."

"அது தறி பாவா. இது வயிறு."

குஞ்சத்தைப் பார்த்தார். விரலை விட்டார். நான் கூடையைத் தேடித் திரும்புவதற்குள் கை மறுபடியும் நூலுக்கு அருகில் போயிருந்தது. அதை அவரே பார்த்துப் பயந்துபோனார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னால ஆவல விஜி. நீயே இதக் கட்டிடு" என்று இரண்டு விரலையும் நீட்டினார்.

அவர் சொன்னபடியே தறியிலிருந்து ஓர் அரக்கு நூலை எடுத்து இரண்டு விரலையும் சேர்த்து இறுக்கிச் சுற்றி, தறியில் போடுகிற முடிச்சைப் போட்டேன். தறிக்காரன் கையைக் கட்டுவது எத்தனை பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். கண்ணில் நீர் முட்டியது.

ஸ்கூட்டியை நான் ஓட்டினேன். காய்கறிக் கூடையில் குஞ்சத்தை வைத்து, மேலே மஞ்சள் துண்டு போர்த்தி, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். கே.ஜி.கண்டிகையிலேயே கூட்டம் தொடங்கிவிட்டது. திருத்தணி எல்லையில் போலீஸ் தடுப்பு. வண்டி போகாது. ரோடு முழுக்கப் பூக்காவடியும் மயில்காவடியும். இறங்கி நடந்தோம். பாவா கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

கூட்டம் நெருக்கியது. குஞ்சம் உள்ளே திரும்பிப் படுத்ததில் வாலும் அந்த நூலும் கூடைப் பின்னலுக்கு வெளியே வந்து, அவர் மூக்குக்கு நேராக ஆடின. நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டே நடந்தேன். கட்டிய விரல்கள் இரண்டும் துடித்தன. அவர் மலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "முருகா, கைய அடக்கு. முருகா, கைய அடக்கு" என்று முனகிக்கொண்டே நடந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பால்குடம் எடுத்து வந்த ஓர் அம்மா இதைப் பார்த்துவிட்டார். "இன்னா காவடிங்க இது?"

பாவா முனகிக்கொண்டே நடந்தார். அந்த அம்மா அவர் விரலைப் பார்த்தார்.

"விரல்லயே காப்பு கட்டிகினு வராரு! கண்ல எப்டித் தண்ணி ஊத்துது பாரு! யோவ், வழி உடுங்கய்யா!"

"அரோகரா!" என்று நாலு பக்கமும் குரல் எழும்பியது. காவடிகள் ஒதுங்கின. ஒருவர் பாவாவின் நெற்றியில் விபூதி பூசினார். கூடைக்குள்ளிருந்து மெல்ல ஒரு 'மியாவ்' கேட்டது. பூசியவர் திடுக்கிட்டுப் பார்த்து, கூடைக்கும் கொஞ்சம் விபூதி தூவிவிட்டு நகர்ந்தார். இது நேர்த்திக்கடன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று மலையேறிய எந்தக் காவடிக்கும் அது குறைந்ததில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அந்தக் கை செய்த வேலைகளுக்காக எத்தனையோ முறை பெருமைப்பட்டிருக்கிறேன். ஒன்றுமே செய்யாமல் இருந்ததற்காகப் பெருமைப்பட்டது அன்றுதான்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் டாக்டர் உடனே ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் வியர்த்திருந்தது.

"பொழச்சிக்கும். நூலோட ஒரு முனை நாக்குக்கு அடியில மாட்டிகினு இருந்துச்சு, இன்னொரு முனை வெளிய. இழுத்திருந்தா என்கிட்ட கொண்டுவந்தே இருக்க மாட்டீங்க. நான் நாலஞ்சு எடத்துல வெட்டி வெட்டித்தான் எடுத்தேன்."

வெட்டி என்றதும் பாவாவின் உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. டாக்டர் அவர் விரலைப் பார்த்தார். "இது இன்னாங்க, அடி பட்டுச்சா?"

நான் சொன்னேன். டாக்டர் உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்து, அவரே அந்த முடிச்சை வெட்டிவிட்டார். விரல்கள் வீங்கிப்போயிருந்தன.

குஞ்சத்தை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளில் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "மறுபடியும் தின்னும். அது அதோட சுபாவம். தறி இருக்கற வூட்ல வெக்கறது ஆபத்து. நூல் இல்லாத வூடா பாத்துக் குடுத்துடுங்க."

சரிதானே, வேறென்ன சொல்ல முடியும் என்று பாவாவைப் பார்த்தேன். அவர் குஞ்சத்தின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நூல் இல்லாத வூடு எங்கம்மா கீது? எல்லாரும் துணி கட்டிகினுதான கீறாங்க" என்றார். "எந்த வூட்டுக்குப் போனாலும் நூல் இருக்கும். அது எங்க தொங்குதுன்னு பாக்கறவன் இருக்க மாட்டான். எங்க வூட்ல அதுக்குன்னே ஒருத்தன் கீறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூடையை எடுத்துக்கொண்டேன்.

இப்போது தறிக் கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கதவு போட்டிருக்கிறோம். கதவுக்கு இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் பாவாவின் விரலைத் தாண்டித்தான் வர வேண்டும். கீரைக்கட்டின் நார், பூச்சரத்தின் முனை, விருந்தாளியின் சட்டைப் பிசிறு எதுவும் தப்பாது. எல்லாம் அவர் சட்டைப் பைக்குள் போகும்.

போன வாரம் குஞ்சத்தைப் பார்க்கவென்று கவிதா அண்ணியே வந்தார், அதே பட்டுப்புடவையில். பாவா வாசலிலேயே எழுந்து நின்றார். விரல்கள் துடித்தன. பழைய அடி ஞாபகம் வந்ததோ என்னவோ, என்னைப் பார்த்தார்.

"அண்ணி, அப்டியே திரும்பி நில்லுங்க" என்றேன். "பின்னாடி ஒண்ணு தொங்குது. பாவா, இழுங்க."